நாய் குரைத்த மூன்றாம் பாட்டு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வயிற்றுக்குத்து என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லலாம். ஆனால் போன மாதமே அதைச் சொல்லி ஒரு வாரம் தப்பியிருந்தேன். ஒரே வயிறு எத்தனை தரம்தான் குத்தும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒலிபெருக்கி கட்டப் போன இடங்களில் நடந்த பகிடிகளை எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தைத் தந்தார்கள். போன வாரம், கலியாண வீட்டில் ஆடு மைக் வயரைத் தின்ற கதை. வாசித்துச் சிரித்ததாக மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் ஆட்டின் சொந்தக்காரர்.

இந்த வாரத்துக்கும் அப்படி ஒன்று கைவசம் உண்டு. ஆனால் மூன்று மாதமாக என் மேசை லாச்சிக்குள் ஒரு பார்சல் கிடக்கிறது. பேனை எடுக்க லாச்சியை இழுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுகிறது. அது அங்கே கிடக்கும்வரை ஆட்டுக்கதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறேக் இல்லாத சைக்கிள்

சுனாமிக் கடல் வந்து இரண்டு கிழமை இருக்கும். டவுன் முழுக்க குளோரின் மணம். நான் வேலை செய்த, பாட்டுக் கசற் பதிந்து விற்கும் ரெக்கோடிங் பார் டவுனுக்குள், வாவிப் பக்கம். எங்கள் கடைக்குக் கடல் வரவில்லை. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளி ரொனி ஒரு பிறேக் இல்லாத சைக்கிளில் வந்து, காலை நிலத்தில் தேய்த்துக் கடை வாசலில் நின்றான். உடம்பில் நிவாரணத்தில் கிடைத்த சேட். அதற்குள் மூன்று ரொனி போகலாம். வேறு நாளாக இருந்தால் "டேய், மற்ற ரெண்டு பேரும் எங்கடா?" என்று கேட்டிருப்பேன்.

அவனுடைய வீடு கடலோரம், டச்பாரில் இருந்தது. டிசம்பர் நத்தாருக்கு மறுநாள், கடல் வந்த காலை, பாண் வாங்க டவுனுக்கு வந்ததால் அவன் இருக்கிறான். அவனுடைய அப்பா ஒஸ்வல்ட் வீட்டில் இருந்தார்.

"கோபு, அப்பாட கசற் ஒண்டு உங்கட கடையில கிடந்ததுதானே?" என்றான்.

"எந்தக் கசற்?"

எந்தக் கசற் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"எட்டுப் பாட்டுக் கசற். கடைசியாப் பாடினது. வீட்டில ஒண்டும் மிச்சமில்லடா. கதவு நிலைகூட இல்ல."

"அங்கிள்ர பாட்டு ரேடியோவில போகுதுதானே மச்சான். முந்தாநாளும் போட்டவங்க."

ரொனி சைக்கிள் மணியை விரலால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"அது என்ட அப்பா இல்லடா. அது நான் பிறக்க முதல் இருந்த ஒராள். எனக்கு எங்கட வீட்டில இருந்தவர்ர குரல் வேணும்."

அந்தக் கசற் அந்த நேரம் என் தலைக்குப் பின்னால், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருந்தது. திரும்பிக் கையை நீட்டினால் எடுக்கலாம்.

நான் அவனுக்கு என்ன சொன்னேன் என்பதைச் சொல்ல முதல் அந்தக் கசற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றித்தான் வருவேன். நேரே வரக் கால் கூசுகிறது.

இரண்டு ஒஸ்வல்ட்

எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணிடமாவது ஒஸ்வல்ட் என்று சொல்லிப் பாருங்கள். சாரித் தலைப்பை ஒருதரம் சரிசெய்துவிட்டுத்தான் "ஓம், என்ன?" என்று கேட்பார்.

போர்த்துக்கீசர் வழிவந்த டச்பார்ப் பறங்கியர் அவர். வீட்டில் பறங்கிப் பாஷை, பாட்டில் தமிழ். இளந்தாரி வயதில் கொழும்புக்குப் போய் வானொலியில் பாடினார். நெய் தடவிய குரல். ஒரு சொல்லை இழுக்கத் தொடங்கினால், கல்லடிப் பாலத்தில் ஏறிய சைக்கிள் மறுகரையில் இறங்கும்வரை விடமாட்டார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவது அந்தப் பாட்டுகளைத்தான். அது ஒரு ஒஸ்வல்ட்.

பிறகு சண்டை தொடங்கி, கொழும்புக்குப் போய்வருவது லேசான காரியமாக இல்லாமல் போனது. அவர் தையல் மெஷின் திருத்தத் தொடங்கினார். ஒரு எண்ணெய்க் குப்பியும் நாலு திருப்புளியும் சைக்கிள் பையில். தையல்காரிகள் மெஷினில் பிழை இல்லாவிட்டாலும் அவரைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு கதை. அந்தக் கதையைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளில், மனைவி இறந்த பிறகு, வீட்டிலேயே எட்டுப் பாட்டுப் பாடிப் பதிந்தார். கரண்ட் இல்லாத காலம். பற்றரியில் ஓடிய ரெக்கோடரை மேசையில் வைத்து, மடியில் கிற்றாரை வைத்து, யன்னலைத் திறந்து வைத்துப் பாடினார். இது மற்ற ஒஸ்வல்ட். இந்த ஒஸ்வல்ட்டை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பதற்கு விஷயம் இருந்தது. குரல் கரகரத்துவிட்டது. பழைய இழுவை இல்லை. வரியின் நடுவில் மூச்சு எடுப்பது கேட்கும். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது கேட்கும். மூன்றாம் பாட்டின் நடுவில் ஒரு நாய் குரைக்கும்.

சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில் அந்தக் கசற்றை எங்கள் கடைக்குக் கொண்டு வந்தார். பத்துக் கொப்பி அடித்து விற்பனைக்கு வைக்க வேண்டும், மூலக் கசற்றையும் கடையிலேயே வைத்திருக்க வேண்டும், ஆரும் கேட்டால் அதிலிருந்து அடித்துக் கொடுக்கலாம் என்றார்.

அந்தக் கொப்பிகளில் இரண்டோ மூன்றோதான் போயிருக்கும். மற்றதெல்லாம் அழித்து வேறு பாட்டுக்குப் பாவித்தோம். சினிமாப் பாட்டுக் கேட்டு வருபவர்களுக்கு நான் விளம்பரம் செய்வேன்: "புதுச் சரக்கு ஒண்டு இருக்கு, ஒஸ்வல்ட்டும் நாயும் சேந்து பாடினது." பிறகு பாடிக் காட்டுவேன். கரகரப்பு, மூச்சு, எல்லாம் வரும். குரைப்பில்தான் என் திறமை. கடைக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ரொனியும் சிரிப்பான். தகப்பனை நக்கலடிப்பதில் அவன் எனக்கு மேலே. சீப்பை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு தகப்பன் கண்ணை மூடிப் பாடுவதைச் செய்து காட்டுவான். எங்கள் இரண்டு பேரையும் அந்த வயதில் யாரும் பிடித்து நாலு சாத்துச் சாத்தவில்லை என்பது பெரிய குறைதான்.

பல்லும் ஒட்டுத்தாளும்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். கசற்றின் முதுகில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். நாங்கள் பல்லு என்போம். பதிந்தது அழியக் கூடாது என்றால் அந்தப் பல்லைத் தட்டி உடைத்துவிட வேண்டும். பிறகு எந்த மெஷினில் போட்டாலும் பதிகிற பட்டன் அமுங்காது.

ஒஸ்வல்ட் அங்கிள் அன்று மேசையில் சாய்ந்து நின்று, தையல் மெஷின் திருப்புளியால் இரண்டு பல்லையும் என் கண் முன்னால் உடைத்தார். டிக், டிக் என்று இரண்டு சத்தம். துண்டுகளைப் பொறுக்கிச் சேட் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி ஆராலயும் அழிக்க ஏலாது மனே," என்றார்.

ஆனால் ரெக்கோடிங் பாரில் வேலை செய்யும் எல்லாருக்கும் ஒரு வேலை தெரியும். பல்லு உடைந்த ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். விலைப்படாத கசற்றுகளை அப்படித்தான் நாங்கள் திரும்பப் பாவிப்போம். அது ஒரு குற்றம் என்று அந்தக் கடையில் ஒருவரும் நினைத்ததில்லை.

கடல் வருவதற்கு நாலைந்து மாதம் முன்னால், வேலை இல்லாத ஒரு பின்நேரம், ஓட்டோக்காரர்கள் கேட்டார்கள்: "டேய் கோபு, உன்ட ஒஸ்வல்ட்டப் பதிஞ்சு தாடா. ஓட்டோவில போட்டுக்கொண்டு திரியலாம்."

கைக்கு எட்டிய தூரத்தில் வெறும் கசற் இருக்கவில்லை. தட்டிலிருந்து மூலக் கசற்றை எடுத்தேன். ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்து இரண்டு துண்டு வெட்டி ஒட்டினேன். பட்டன் அமுங்கியது. அவருடைய எட்டுப் பாட்டுக்கும் மேல், அவருடைய கசற்றிலேயே, தெரிந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பி அவரைப் போலப் பாடிப் பதிந்தேன். குரைப்பு மட்டும் ஆறு தரம். அவர்கள் கேட்டுச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்ததும் தட்டில் வைத்தேன்.

நினைத்துச் செய்தாயா என்று கேட்டால், இல்லை. யோசிக்கவே இல்லை. இன்னொரு நாள் அவரைத் திரும்பப் பாட வைத்துப் புதுசாகப் பதிந்துகொள்ளலாம் என்றிருந்தேன். அவர் டச்பாரில் இருந்தார். சைக்கிளில் கால் மணித்தியாலம்.

நான் சொன்ன பதில்

இனித் தப்ப இடமில்லை.

"மச்சான்," என்றேன், "முதலாளி கொஞ்சச் சாமான கல்லடியில, கடல் பக்கம், ஒரு வீட்டில வச்சிருந்தவர். கடை நிரம்பிப் போயித்து எண்டு. அங்கிள்ர கசற்றும் அதுக்குள்ளதான் போன. எல்லாத்தையும் கடல் கொண்டு போயித்து."

கல்லடியில் அப்படி ஒரு வீடு இருக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் ஆரும் மறுத்துக் கேட்க மாட்டார்கள். எங்கே என்று கேட்டால் கடல் என்று சொன்னால் போதும். அத்தனை பேரைக் கொண்டுபோன கடல் ஒரு கசற்றையும் கொண்டுபோயிருக்கும்தானே. நானும் என் களவைக் கொண்டுபோய் அந்தக் கடலின் தலையில் போட்டேன்.

ரொனி சேட் கையை மடித்துவிட்டான். பிறகு, "உங்களுக்கும் போயித்தா?" என்றான். "முதலாளி பாவம். உனக்கு வேலை இருக்குமாடா?"

"தெரியா."

அவன் சைக்கிள் பையைத் திறந்தான். முகாமில் கொடுத்த சாமான்கள். அதற்குள் கையை விட்டு இரண்டு சவுக்காரக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இந்தா, வச்சிக்கொள். எனக்கு நாலு தந்தவங்க. நான் ஒராள்தானே."

பிறகு காலால் நிலத்தை உந்திக்கொண்டு போனான்.

நான் அந்தச் சவுக்காரத்தால் குளித்தேன். இரண்டு கட்டியும் முடியும்வரை குளித்தேன். எலுமிச்சை மணம்.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கசற்றைப் போட்டேன். முழுக்க என் கழுதைக் குரல். ஆனால் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் என் கூத்து முடிந்த பிறகும் கொஞ்சம் நாடா மிச்சமிருந்தது. அதில் எட்டாம் பாட்டின் கடைசி வரி அழியாமல் இருந்தது. பிறகு கிற்றாரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒஸ்வல்ட் அங்கிள், போதும் என்று, தனக்குத் தானே சொல்கிறார்: "சரி, காணும்."

அரை நிமிடம் வராது. அந்த அரை நிமிடத்தையாவது அவனுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அதற்கு முன்னால் இருப்பதையும் அவன் கேட்பான். அதனால் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் ரொனியை அவனுடைய அக்கா அவுஸ்திரேலியாவுக்கு எடுத்துவிட்டார். நத்தாருக்கு நத்தார் போன் எடுப்பான். ஒவ்வொரு தரமும் வைப்பதற்கு முன்னால், "உங்கட கடைச் சாமான் ஏதும் கரையில ஒதுங்கினதாடா?" என்று கேட்பான். பகிடிபோலத்தான் கேட்பான். நானும் பகிடிபோல இல்லை என்பேன்.

படுவான்கரையில் ஒரு குரைப்பு

கசற்றுக் காலம் முடிந்து கடையும் மூடப்பட்டது; அந்த மூலக் கசற்றை நான் கொண்டுவந்துவிட்டேன். நான் ஒலிபெருக்கிக்கு மாறினேன். சண்டையும் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கு அடுத்த வைகாசியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கண்ணகை அம்மன் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டப் போனேன்.

மண்முனைத் துறையில், பாதை என்கிற மிதவைப் படகில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போக வேண்டும். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதைப் பற்றி எழுதச் சொல்லி ஆசிரியர் என்னிடம் மூன்று தரம் கேட்டுவிட்டார். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு எதுதான் ஒழுங்காகக் கேட்டது என்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலை பத்து மணி இருக்கும். கோயில் வளவில் மைக்கைச் சோதித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பக்கத்து வளவுக்குப் போனேன். முற்றத்தில் பாய் விரித்து அவித்த நெல் காயப் போட்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கும்போது ஒரு நாய் குரைத்தது.

ஒரே ஒரு தரம். குட்டையாக, கொஞ்சம் மூக்கால்.

அந்தக் குரைப்பை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். எத்தனை நூறு தரம் குரைத்திருப்பேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்ததாக அந்தக் கரகரத்த குரல் வந்தது.

திண்ணைக் குந்தில் ஒரு பழைய ரேடியோக் கசற் பெட்டி. பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பூமணி அக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அக்கா, இந்தப் பாட்டு..."

"என்ன, உங்கட ஸ்பீக்கருக்கு இடைஞ்சலாமா?"

"இல்லக்கா. இது எங்க எடுத்த?"

"எங்கட வீட்டுக்காரர் சமாதானக் காலத்தில டவுனுக்குப் போன நேரம் வாங்கித்து வந்தவர். கடையில ஒரு பொடியன் நிண்டானாம். இவர் ஒஸ்வல்ட்ர கசற் இருக்கா எண்டு கேக்க, 'அண்ணே, நாய்ப் பாட்டா வேணும்?' எண்டு கேட்டுக் குரைச்சும் காட்டினானாம். கடையில நிண்ட ஆக்கள் எல்லாம் சிரிப்பு. இவருக்கு வெக்கமாப் போயித்து. ஆனா வாங்கித்துத்தான் வந்தவர்."

எனக்கு அந்த மனிதரின் முகம் ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"அந்தப் பொடியன் நான்தானக்கா," என்றேன்.

அவர் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"விடியத்தில இருந்து அந்த மைக்குக்குள்ள சேவல் மாதிரிக் கூவினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீயாத்தான் இருக்கும். இரி, தண்ணி தாறன்."

தண்ணீர் தந்தார். படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது ஊரே வாவியைக் கடந்து முகாமுக்குப் போனதையும், மாடுகளைப் பார்த்து வருகிறேன் என்று திரும்பிப் போன கணவர் வராததையும், ஒரு தகர அரிசிப் பேணிக்குள் அடையாள அட்டைகளோடு இந்தக் கசற்றையும் வைத்துக் கொண்டுபோனதையும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் குரலில் சொன்னார்.

"இந்த மனிசன் வரிக்கு நடுவில மூச்சு எடுக்கிறார், கேக்குதா?" என்றார். "சின்ன வயசில பாடினதில அது கேக்காது. எங்கட ஆள் நெல்லு மூட்டைய இறக்கிப் போட்டுக் கதைக்கக்குள்ள இப்பிடித்தான். நான் பாட்டக் கேக்கிறதில்ல தம்பி. இந்த மூச்சத்தான் கேக்கிற."

முதல்தரம் கேட்டது

கசற்றைக் கொஞ்ச நாள் தரச் சொல்லிக் கேட்டேன்.

"தாறதுக்கில்ல. வேணுமெண்டா இதில இருந்து கேள்."

பற்றரி மிச்சம் பிடிக்க ஒரு பென்சிலைக் கொழுவிக் கையாலேயே நாடாவை முதலுக்குச் சுற்றினார். நான் குந்தில் இருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கடையில் நாங்கள் கொப்பி அடிப்பது எப்போதும் இரட்டை வேகத்தில். அறுபது நிமிடக் கசற் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எல்லாப் பாடகரும் எலி மாதிரிக் கீச்சிடுவார்கள். நக்கலடிக்கத் தேவையான துண்டுகளை மட்டும்தான் நான் ஒழுங்கான வேகத்தில் கேட்டிருந்தேன். ஒஸ்வல்ட் அங்கிளின் எட்டுப் பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் பாட்டு, ஊர்ப் பெண்களின் மெஷின் எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டு, பிய்ந்த பொத்தானைத் தைக்க ஆளில்லாமல் வீட்டுக்கு வருகிற ஒருவனைப் பற்றியது. தன்னைத் தானே நக்கலடிக்கிறார். நாங்கள் அடித்த நக்கலை விட அது நல்ல நக்கல். அது எங்களுக்கு விளங்கவில்லை.

இரண்டாவதில் இழுக்க வேண்டிய இடம் வரும்போது இழுக்கவில்லை. சொல்லைச் சின்னதாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கிற்றாரிடம் விட்டுவிடுகிறார். மூச்சுப் போதாமல் விடுகிறார் என்றுதான் நான் கடையில் சிரிப்பேன். மூச்சுப் போதாதுதான். ஆனால் போதாத மூச்சை எங்கே செலவழிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நெய்க்குரல் ஒஸ்வல்ட்டுக்கு அது தெரியாது. அவரிடம் மூச்சு மிச்சம் மிச்சமாக இருந்தது.

மூன்றாவது, ரேடியோவில் இப்போதும் போடுகிற அதே பாட்டு. பாலத்தடியில் ஒருவன் ஒரு பெண்ணுக்காகக் காத்து நிற்கிறான். வருவாள் என்கிறான். இளந்தாரி ஒஸ்வல்ட் அந்தச் சொல்லை உச்சியில் ஏற்றி வைத்து ஊருக்கே அறிவிப்பார். அவள் வராமல் எங்கே போகப்போகிறாள் என்று எங்களுக்கும் தோன்றும்.

கசற்றில் இருக்கிற ஒஸ்வல்ட் அதைக் கீழே வைத்துப் பாடுகிறார். மனைவி இறந்து அதிக காலம் ஆகவில்லை. வருவாள் என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று பார்ப்பதுபோலக் கொஞ்சம் நிற்கிறார். இரண்டாம் தரம் சொல்லும்போது அந்தச் சொல் பாதியில் காற்றாகிறது. பாட்டு இதோடு நின்றுவிடப் போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

அங்கேதான் அந்த நாய் குரைக்கிறது.

குரல் நின்றுவிடுகிறது. விரல்கள் நிற்கவில்லை. கிற்றார் இரண்டு சுற்றுத் தனியாகப் போகிறது. பிறகு அவர் திரும்ப வருகிறார். குரலுக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது. வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ஆனால் உதடு விரிந்திருப்பது கேட்கிறது. அதற்குப் பிறகு வருவாள் என்று இன்னும் மூன்று தரம் வருகிறது. மூன்று தரமும், பக்கத்து அறையில் இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

கடையில் குரைப்பு வந்ததும் நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்புச் சத்தத்தில், அதற்குப் பிறகு வருவது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

மிச்ச ஐந்து பாட்டையும் பற்றி எழுதவில்லை. நீங்களாகக் கேட்டால்தான் சரி. கடைசியில் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு "சரி, காணும்" என்றார். பூமணி அக்கா எழும்பிப் போய்ப் பெட்டியை நிறுத்தினார். கோயில் பக்கமிருந்து "ஸ்பீக்கர்க்காரன் எங்க போயித்தான்?" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அன்று பின்நேரம் என் இரண்டு கசற் மெஷினை அவருடைய முற்றத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். அவருடைய கசற்றில் பல்லு உடைந்திருந்தது. கடையில் விற்கும்போது நான்தான் உடைத்திருப்பேன். எந்தப் பக்கம் எதைப் போடுகிறேன் என்று மூன்று தரம் பார்த்தேன். வேகத்தைக் கூட்டாமல் அறுபது நிமிடமும் இருந்து கொப்பி அடித்தேன்.

"அழிச்சுப் போடாத," என்றார் பூமணி அக்கா. அவருக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகச் சொன்னதுதான்.

"இது ஆருக்கு?"

"கூட்டாளி ஒருத்தனுக்கு. பாடினவர்ர மகன்."

"அப்ப இது கொக்கட்டிச்சோலையில ஒருத்தி அரிசிப் பேணிக்குள்ள வச்சிக் காத்தது எண்டு சொல்லு. நீ தேடி எடுத்ததெண்டு கதை விட்டுராத."

லாச்சி

அதைத்தான் செய்யப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அன்றே ஒரு கடிதம் எழுதினேன். "மச்சான், உனக்காக இத்தனை வருசமாத் தேடித் திரிஞ்சன், கடைசியா மாட்டித்து" என்று தொடங்கியது. அழகாகத்தான் வந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. வாசித்துப் பார்த்தேன். எலுமிச்சை மணம் அடித்தது. கிழித்துவிட்டேன்.

உண்மையை எழுதத் தெரியவில்லை. கொப்பியைச் சீடியில் மாற்றி, பார்சல் கட்டி, லாச்சிக்குள் போட்டேன். மூன்று மாதம். இடையில், நத்தார் இல்லாமலே, அவன் இரண்டு தரம் போன் எடுத்தான். கிரிக்கெட் பற்றிப் பேசினேன்.

இதுவரை எழுதியதை ஆசிரியருக்குக் கொடுக்க முதல் பார்சலைத் திரும்பப் பிரித்தேன். சீடியோடு இதன் ஒரு பிரதியை வைத்தேன். அந்த மூலக் கசற்றையும் வைத்தேன். முதுகில் ஒட்டுத்தாள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை உரிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். கடைசியில் அவனுக்கு மட்டும் இரண்டு வரி எழுதினேன்:

"கல்லடியில வீடு இல்லடா. கடல் எடுக்கயில்ல, நான்தான் அழிச்ச. அந்த மூண்டாம் பாட்டக் கேள், அந்த நாய் ஆருடையதெண்டு தெரியா, உயிரோட இருந்தா ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக் குடுப்பன்."

தபாலில் போட்டுவிட்டு, இதைக் கொடுக்காமல், அந்த வாரத்துக்கு ஆசிரியரிடம் கைவசமிருந்த ஆட்டுக்கதையைத் தள்ளினேன். அதற்கு அடுத்த வாரத்துக்கும் இன்னொரு ஆட்டுக்கதை. போன் மணி அடித்தாலும் எடுக்கவில்லை. எடுக்காததற்கு வயிற்றுக்குத்து என்று வீட்டில் சொன்னேன்.

மூன்றாம் கிழமை, ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. ரொனி. ஒரே வரி.

"நாய் இல்லடா, யன்னலுக்கு வெளிய நிண்டு அப்பாவக் குழப்பக் குரைச்சது நான்."